மசாலா தடவியாச்சு, அப்புறம்?

சென்ற இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, எலுமிச்சை பிழிந்திருந்தாலும் கோழியை இரவெல்லாம் வெளியே வைக்காதீர்கள் என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் ஒரு பை நிறைய இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்துதான். நானும் அந்தப் பக்கத்துக்காரிதான் என்பதால் இந்த முறை முழுக்க நம் ஊர்க் கேள்விகளையே எடுத்துக்கொண்டேன்.

கே: என் மாமியார் ராத்திரியே கோழிக்கு உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், தயிர், எலுமிச்சை எல்லாம் போட்டுப் பிசைந்து, மூடி, அடுப்பு மேடையிலேயே வைத்துவிடுவார். "உப்பும் மஞ்சளும் இருக்குது, என்ன கெடப்போவுது? ஃப்ரிட்ஜுல வெச்சா மசாலா உள்ள எறங்காது" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. யார் சொல்வது சரி அக்கா? - வாசகி, பாலக்கோடு

ப: பயப்படுவது நீங்கள்தான் சரி. ஆனால் உங்கள் அத்தை சொல்வது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. உப்புக்கண்டம் போட்டுப் பழகிய வீடுகள் நம் பக்கம் நிறைய. கறியைக் கீற்றுக் கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சளும் அள்ளிப் பூசி, கொடியில் கோத்து, சுக்காகக் காயும்வரை நாலைந்து நாள் வெயிலில் போட்டால் அது மாதக்கணக்கில் கெடாது. அங்கே கறியைக் காப்பாற்றுவது அவ்வளவு உப்பும், ஈரமே இல்லாமல் போனதும். நாம் வறுவல் கோழிக்குப் போடும் உப்பு கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன். அதிலும் தயிர் ஊற்றி ஈரமாக வைக்கிறோம். இரண்டிலும் உப்பு மஞ்சள்தான், ஆனால் இந்த அளவு உப்புக்குக் கிருமியை நிறுத்தும் பலம் கிடையாது. மஞ்சளுக்கும் கிடையாது. எலுமிச்சைப் புளிப்பு மேல்தோலில் கொஞ்சம் வேலை செய்யும், அதுவும் நம்பி விட்டுவிடும் அளவுக்கு இல்லை.

கறியில் இருக்கும் கிருமிகளுக்கு 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் 60 டிகிரிக்குள் இருக்கும் சூடுதான் பிடித்த இடம். நம் அடுப்பு மேடை மார்கழியில்கூட அதற்குள்தான் இருக்கும். நல்ல வெதுவெதுப்பில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் இரவு 11 மணிக்கு ஒன்று இருந்தால் காலை 6 மணிக்கு 20 லட்சம். "எப்படியும் கொதிக்கவைக்கப் போகிறோமே" என்று கேட்பார்கள். நம் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் கறிக்குப் போகும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி பெருகும்போது ஒரு நஞ்சை விட்டுவைக்கும். கிருமி கொதியில் செத்துவிடும், நஞ்சு சாகாது. எவ்வளவு வேகவைத்தாலும் வாந்தி வாந்திதான். அதனால்தான் வெளியே இரண்டு மணி நேரம், சித்திரை வைகாசி வெயிலில் ஒரே மணி நேரம், அதற்கு மேல் கூடாது என்று கறாராகச் சொல்கிறேன்.

அடுத்தது, மசாலா உள்ளே இறங்குகிற விஷயம். இந்தக் கடிதம் வந்த பிறகு நானே ஒரு துண்டு நெஞ்சுக்கறியை, கட்டைவிரல் கனம் இருக்கும், மஞ்சள், மிளகாய், இஞ்சி பூண்டு, தயிர் போட்டு 12 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் மசாலாவைத் துடைத்துவிட்டு நடுவில் ஒரே வெட்டு. ஓரத்தில் மாம்பழத் தோல் கனத்துக்கு ஒரு மஞ்சள் கோடு, அவ்வளவுதான். உள்ளே முழுக்க வெறும் கோழி நிறம். இன்னொரு துண்டை வேகவைத்து நடுவிலிருந்து மட்டும் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். காரம் இல்லை, பூண்டு வாசம் இல்லை, உப்பு மட்டும் நன்றாக இருந்தது. மசாலாவில் உள்ளே போகிறது உப்பு ஒன்றுதான், மற்றதெல்லாம் மேலேயே நிற்கிறது. உப்பு ஃப்ரிட்ஜிலும் இறங்கும், கொஞ்சம் மெதுவாக, அவ்வளவே. கறிக்குள் போன உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ஊறிய கோழி வறண்டுபோகாமல் வருகிறது.

ஆகவே இரவே பிசையட்டும், தப்பில்லை. எவர்சில்வர் டப்பாவிலோ கண்ணாடியிலோ போட்டு மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். கீழ்த்தட்டு எதற்கென்றால், ஒரு சொட்டு வழிந்தால்கூட அடியில் இருக்கும் பாலிலோ மாவிலோ போய்ச் சேரக் கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், தயிரும் எலுமிச்சையும் அதை அரிக்கும். கோழி என்றால் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். அத்தையிடம் வாக்குவாதம் வேண்டாம். ஒரு துண்டை வெட்டிக் காட்டுங்கள், அந்த மஞ்சள் கோட்டை அவரே பார்க்கட்டும்.

கே: ஓசூர் சிப்காட்டில் வேலை, அறையில் ஃப்ரிட்ஜ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைக் கிலோ கோழி வாங்கிச் சமைப்பேன். எவ்வளவு நேரம் ஊறவைக்கலாம்? - வாசகர், ஓசூர்

ப: அரை மணி நேரம் போதும் தம்பி. நேரத்தை நீங்கள் மசாலா தடவியதிலிருந்து எண்ணாதீர்கள், கடைக்காரர் வெட்டிக் கையில் கொடுத்ததிலிருந்து எண்ணுங்கள். காலை 8 மணிக்கு வாங்கி, டீ குடித்து, துணி துவைத்து, 11 மணிக்குத் தடவினால் அரை மணி நேரம் ஊறியது கணக்கில் வராது, மூன்றரை மணி நேரம் வெளியே கிடந்ததுதான் கணக்கு. மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு, வெங்காயம்கூட அரிந்து வைத்துவிட்டு, கடைசியாகக் கோழிக்குப் போங்கள். துண்டைச் சிறிதாகப் போடச் சொல்லுங்கள். சிறிய துண்டில் அரை மணி நேரத்துக்கே உப்பு ஓரளவு ஏறிவிடும். ஓசூர் குளிர் ஊர்தான், ஆனால் அந்தக் குளிர் நமக்குத்தான், கிருமிக்கு அல்ல.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், ஊரில் வேகும் நேரத்தில் இங்கே வேகமாட்டேன் என்கிறதே என்று. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. திறந்த சட்டியில் கொஞ்சம் கூடுதல் நேரம் விடுங்கள், சரியாகிவிடும்.

கே: கோழியைக் கழுவக் கூடாது என்று சொல்கிறார்களே, நிஜமா? - வாசகி, பென்னாகரம்

ப: நிஜம்தான். குழாயடியில் பிடித்து அலசும்போது தெறிக்கும் தண்ணீரோடு சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற கிருமிகள் தொட்டியிலும், பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டிலும், உங்கள் சேலையிலும் போய் உட்காரும். கழுவுவதால் கறியில் இருக்கும் கிருமி போவதில்லை, அதைக் கொல்வது நெருப்புதான். ஆனால் நம் கடையில் இறகு, ரத்தம், எலும்புத் தூள் எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது, கழுவாமல் மனசு ஒப்பவில்லை என்றால் ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் கறியை மெல்ல இறக்கி, தெறிக்காமல் அலசி எடுத்து, அந்தத் தண்ணீரை மெதுவாகக் கொட்டுங்கள். பிறகு தொட்டி, பாத்திரம், கை எல்லாவற்றுக்கும் சோப்பு.

இதைச் சொல்லும்போது என் வீட்டில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். சில வருடத்துக்கு முன் விருந்தாளிகள் வந்திருந்த அவசரத்தில், கோழி அரிந்த அரிவாள்மனையைத் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கழுவிவிட்டு அதிலேயே தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் அரிந்துவிட்டேன். கோழி நன்றாக வெந்திருந்தது. பச்சடி பச்சையாகத்தானே போகிறது. வந்தவர்களில் ஒரு பாட்டியும் இரண்டு குழந்தைகளும் அடுத்த மூன்று நாள் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது. அன்றிலிருந்து காய்கறி எல்லாம் அரிந்து முடித்த பிறகுதான் கறியைத் தொடுவேன்.

கே: மட்டன் சீக்கிரம் வேக வேண்டும் என்று பப்பாளிக்காய் அரைத்துப் போட்டு இரவு முழுக்க வைத்தேன் (ஃப்ரிட்ஜில்தான்). வறுத்தால் மேலே கொழகொழவென்று மாவு மாதிரி, உள்ளே அதே கடினம். எங்கே தப்பு? - வாசகி, காவேரிப்பட்டணம்

ப: நேரத்தில்தான் தப்பு. பப்பாளிக்காய்ப் பாலில் இருக்கும் பப்பெய்ன் என்ற நொதி கறியின் புரதத்தை வெட்டும். அதுவும் மேலேயே நின்றுதான் வெட்டும், உள்ளே போகாது. இரவு முழுக்க விட்டால் மேல்பகுதியை வெட்டிக்கொண்டே இருக்கும். தவிர, அது மும்முரமாக வேலை செய்வது அடுப்பில் ஏறி 60, 70 டிகிரிக்குச் சூடாகும்போதுதான், பிறகு சூடு ஏறினால் அடங்கிவிடும். கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் விழுது, பச்சைக்காயாக, ஒரு மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம். பழுத்த பப்பாளியில் இந்தச் சத்து குறைவு, அதைப் போட்டுப் பயனில்லை. அன்னாசியும் இதே வேலையைச் செய்யும், இஞ்சியும் கொஞ்சம் செய்யும். இரவெல்லாம் ஊற வேண்டும் என்றால் தயிர்தான் பதமானது, அதன் புளிப்பு மெல்லியது. எலுமிச்சையும் வினிகரும் அதிகமாகப் போட்டு நேரம் கடத்தினால் கறி இறுகிச் சவசவவென்று ஆகிவிடும்.

கே: அணையில் பிடித்த மீன் வாங்குகிறோம், எத்தனை எலுமிச்சை பிழிந்தாலும் ஒரு மண் வாடை இருக்கிறது. மசாலாவில் வேறு என்ன சேர்க்கலாம்? - வாசகர், கிருஷ்ணகிரி

ப: மசாலாவில் ஒன்றும் சேர்க்க வேண்டாம், மசாலாவுக்கு முன்னால் புளி வேண்டும். அணை, ஏரி மீனில் வரும் அந்த வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள், தண்ணீரில் இருக்கும் நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் உண்டாக்குவது. மழை பெய்ததும் மண்ணிலிருந்து வருமே, அந்த வாசனைக்கும் இதுதான் காரணம். மழையில் நன்றாக இருக்கிறது, மீனில் இருந்தால் சாப்பிட முடியவில்லை. புளிப்பு பட்டால் இது உடைந்துபோகும். நம் மாவட்டத்துப் புளிக்கு என்ன குறை? எலுமிச்சை அளவு உருண்டையைக் கரைத்துத் தண்ணீராக்கி, அதில் துண்டுகளை 15 நிமிடம், அதிகம் போனால் 20 நிமிடம் போட்டு எடுத்து அலசுங்கள். மோரும் நன்றாகக் கேட்கும். வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வையும் தோலுக்கடியில் ஓடும் கருத்த கறியையும் எடுத்துவிட்டால் பாதி வாடை அங்கேயே போய்விடும். பங்குனி சித்திரையில் என்றால் குழம்பில் கிளிமூக்கு மாங்காய் இரண்டு கீற்று போடுங்கள், கட்லாவுக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

புளியிலோ எலுமிச்சையிலோ மீன் வெளுத்துப்போவதைப் பார்த்துவிட்டுப் பாதி வெந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நிறம்தான் மாறியிருக்கிறது, கிருமியும் புழுவும் அப்படியே இருக்கும். வெந்த மீன் கண்ணாடித்தன்மை போய், முள்ளிலிருந்து இதழ் இதழாகப் பிரிய வேண்டும். அப்புறம், ஒகேனக்கல் போகும்போது மீன் வறுவல் சாப்பிடாமல் வருகிறவர்கள் கிடையாது. தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் காலையிலிருந்து மசாலா பூசி வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் தட்டைக் காட்டாதீர்கள். முழு மீனாக, கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருப்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் முன்னாலேயே அரிந்து மசாலா போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கூட ஆகும், ஆகட்டும்.

கே: போச்சம்பள்ளிச் சந்தையில் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு கிடா பிடித்துப் பங்கு போட்டோம். தங்கச்சி வீட்டில் பஞ்சு போல வெந்ததாம். எங்கள் வீட்டில் எட்டு விசில் விட்டும் ரப்பர். அதே ஆடுதானே? எங்கள் வீட்டில் மசாலா ஊறியது போதவில்லையோ? - வாசகி, மத்தூர்

ப: ஆடு ஒன்றுதான், ஆனால் உங்கள் பங்கில் விழுந்தது எந்தக் கறி என்று பாருங்கள். ஆடு நாளெல்லாம் நடக்கிற பிராணி. காலும் சப்பையும் கழுத்தும் ஓயாமல் வேலை செய்யும், அதனால் அங்கே சவ்வு அதிகம். முதுகுக் கறியும் சாப்ஸும் சும்மா கிடக்கும், அது மெத்தென்று இருக்கும். அந்தச் சவ்வில் இருக்கிற கொலாஜன் என்ற பொருளை எந்த மசாலாவும் ஊறவைத்துக் கரைக்காது. ஈரச் சூட்டில், 70 டிகிரிக்கு மேல், நேரம் கொடுத்தால்தான் அது மெல்லக் கரைந்து ஜெல்லி போல ஆகும். கால் எலும்புச் சாறு ஆறினால் கட்டிப்போகிறதே, அது இந்தச் சவ்வு கரைந்து வந்ததுதான்.

குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போவதால் இந்த வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் விசில் கணக்கை நான் நம்புவதே இல்லை. அடுப்பைப் பெரிதாக வைத்தால் எட்டு விசிலும் பத்து நிமிடத்தில் வந்துவிடும், சிறிதாக வைத்தால் அரை மணி நேரம் ஆகும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரம் பார்த்து இளம் ஆட்டுக்கு 15 நிமிடம், முற்றல் என்றால் 25 முதல் 30 நிமிடம், பிறகு ஆவி தானாக அடங்கும்வரை திறக்காமல் விடுங்கள். அடுத்த முறை சந்தையில் பல்லைப் பார்த்து வாங்குங்கள். பெரிய பல் இன்னும் முளைக்காத ஆடு என்றால் ஒரு வயதுக்கு முன்பின், எப்படிச் சமைத்தாலும் வேகும். இரண்டு பல் போட்டதும் பரவாயில்லை. ஆறு பல் தாண்டியது குழம்புக்கும் சாற்றுக்கும்தான், அதை வறுவலுக்கு வைத்துக்கொண்டு மசாலாவை நொந்து பயனில்லை.

இன்னொரு காரணமும் இருக்கலாம். வெட்டிய சில மணி நேரத்தில் கறி விறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அடுப்பில் ஏற்றினால் நல்ல கறியும் கடிபடாது. தங்கச்சி ஒருவேளை மறுநாள் சமைத்திருப்பார். ஒரு நாள் ஃப்ரிட்ஜில் இருந்தால் விறைப்பு விட்டு, கறி தானே மெதுவாகும்.

சுக்கா வேண்டும் என்றால் முதலில் உப்பு, மஞ்சள் போட்டு வேகவைத்துவிட்டு, அந்தச் சாற்றோடு சேர்த்தே மசாலாவில் சுண்ட வறுங்கள். நேரடியாகக் கம்பியில் சுடுவதற்கோ தவாவில் போடுவதற்கோ சாப்ஸும் இளம் தொடைக்கறியும் மட்டும்தான் சரி, அதையும் நாருக்குக் குறுக்காக அரிய வேண்டும். கைமா மட்டும் தனிக் கணக்கு. முழுத்துண்டில் கிருமி மேலே இருக்கும், மேலே சூடு பட்டால் தீர்ந்தது. கொத்தும்போது மேலே இருந்தது எல்லாம் உள்ளே கலந்துவிடும். அதனால் கோலா உருண்டையை நடுவரை வேகவைக்க வேண்டும், 71 டிகிரி. கொத்திய கறியை அன்றே சமைத்துவிடுங்கள், ஊறப்போட்டு வைக்கவே வேண்டாம்.

கே: சிக்கன் 65 வெளியே நன்றாகச் சிவந்த பிறகும், கடித்தால் எலும்போரம் சிவப்பாக இருக்கிறது. குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? - வாசகி, தருமபுரி

ப: நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. பிராய்லர் கோழி ஏறக்குறைய 40 நாள் குஞ்சு. எலும்பு இன்னும் முற்றாததால் மஜ்ஜையின் சிவப்பு கசிந்து எலும்போரம் ஒட்டும், முழுக்க வெந்தாலும் அது போகாது. வேகாத கோழியும் சில சமயம் வெள்ளையாகவே இருக்கும். உறுதியாகத் தெரிய ஒரே வழி சமையல் வெப்பமானி. கூரான கம்பி வைத்தது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வீட்டுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மிகத் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் சட்டியில் இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்து எலும்புவரை வெட்டுங்கள். கறி வழுவழுப்பாக, கண்ணாடி போல எலும்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் வேகவில்லை. நார் நாராக விட்டு வந்தால் வெந்துவிட்டது, ஓரச் சிவப்பைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வெளியே சிவந்து உள்ளே அரைவேக்காடாக நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய்ச் சூடு. புகை வரும் எண்ணெயில் போட்டால் மசாலா கருகிவிடும், உள்ளே சூடு போய்ச் சேராது. 170, 175 டிகிரி போதும். ஒரு துளி மசாலாவை விட்டால் உடனே மேலே எழும்பி நுரைக்க வேண்டும், உடனே கருக்கக் கூடாது. எலும்புள்ள காலை அப்படியே பொரிக்காதீர்கள். எலும்புவரை மூன்று கீறல் போட்டு, ஊறிய மசாலாவோடு மூடி போட்டு இளந்தீயில் 12 நிமிடம் தன் தண்ணீரிலேயே வேகவிட்டு, அப்புறம் பொரியுங்கள்.

கே: கோழி ஊறிய மசாலா மீதி இருக்கிறது, அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கலாமா? - வாசகர், ஊத்தங்கரை

ப: வேண்டாம். குழம்பில் ஊற்றிக் கொதிக்கவிட்டு அன்றே தீர்த்துவிடுங்கள். வறுத்த துண்டின் மேல் தடவ வேண்டும் என்றால், கறி படுவதற்கு முன்னாலேயே ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்த பாத்திரத்திலேயே வறுத்ததைத் திரும்பக் கொட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கே: கபாப் மசாலாவில் சிவப்பு நிறம் வராவிட்டால் பிள்ளைகள் சாப்பிடுவதில்லை. கலர்ப்பொடி கொஞ்சம் போட்டால் என்ன? - வாசகி, ஓசூர்

ப: போடாதீர்கள். உங்களுக்கு எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கும் கர்நாடகத்திலேயே 2024 ஜூனில் கபாபுக்குச் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். காஷ்மீரி மிளகாய்த்தூளை ஒரு ஸ்பூன் சூடான எண்ணெயில் குழைத்து மசாலாவில் சேருங்கள், நிறம் எடுப்பாக வரும், காரமும் ஏறாது.

கே: ஆடி 18-க்கு ஒகேனக்கல் போய்க் குளித்துவிட்டு, வழியில் தோப்பில் கிடா வெட்டினோம். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டோம், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மீதிக் குழம்பைத் தேக்சாவோடு வண்டியில் ஏற்றி வந்து ராத்திரி லேசாகச் சூடு பண்ணிச் சாப்பிட்டவர்கள் ஆறு பேருக்கும் விடிகாலையில் வயிற்றுவலி, பேதி. அதே குழம்புதானே? - வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

ப: அதே குழம்புதான், ஆனால் நடுவில் ஏழெட்டு மணி நேரம் போய்விட்டது. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்குக் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் வேலை போலத்தான் தெரிகிறது. இது கறிக்குழம்பு, பிரியாணி என்று பெரிய பாத்திரத்தில் சமைக்கும் இடங்களில் வருகிற கிருமி. கொதிக்கும்போது சாகாமல் விதை மாதிரி கெட்டியான ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். தேக்சா ஆறும்போது வெளிப்பக்கம் ஆறினாலும் நடுக்குழம்பு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், காற்றும் படாது, இதற்கு அதைவிட வசதி வேறு இல்லை. சாப்பிட்டு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் வயிற்றைப் பிசையும், பேதி போகும், வாந்தி பெரும்பாலும் இருக்காது, ஒரு நாளில் அடங்கும். வயதானவர்களும் குழந்தைகளும் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே.

அடுத்த ஆடிக்கு இப்படிச் செய்யுங்கள். பந்தி முடியும்வரை தேக்சாவின் கீழே தணல் இருக்கட்டும், கை வைக்க முடியாத சூட்டில். மீதியாவதை அங்கேயே பங்கிட்டு, அகலமான பாத்திரங்களில் மூன்று விரல் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போகும் தூரத்தில் வீடு இருப்பவர்கள் மட்டும் எடுத்துப் போகட்டும். ஒகேனக்கலிலிருந்து தருமபுரிக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர், அன்றைய கூட்டத்தில் வண்டி எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. தூரத்துக்காரர்களுக்குச் சோறு குழம்பு கட்டிக்கொடுப்பதை விட்டுவிடுங்கள். சூடு பண்ணினால் லேசாக அல்ல, நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். சோற்றிலும் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒன்று உண்டு, அதன் நஞ்சு சூடாக்கினாலும் போகாது, ஆகவே பிரியாணி மீதி வெளியே கிடந்திருந்தால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கொட்டிவிடுங்கள். சாமிக்கு வெட்டிய கறியைக் கொட்டுவதா என்று பெரியவர்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். கொட்டும்படி ஆகாமல் அளவாகச் சமைப்பதும், மத்தியானமே அக்கம்பக்கத்துக்கு ஊற்றிக் கொடுப்பதும்தான் வழி.

கே: பக்ரீத் அன்று ஒரே நேரத்தில் எட்டு, பத்து கிலோ கறி வந்து சேர்கிறது. எல்லாவற்றையும் மசாலா தடவி ஃப்ரிட்ஜில் அடைத்துவிட்டேன், இரண்டு நாளில் வாடை வந்துவிட்டது. - வாசகி, பர்கூர்

ப: வெட்டிய சூடு ஆறாமல் பெரிய பையில் திணித்து வைத்திருப்பீர்கள். வெளியே இருக்கும் கறி சில்லென்று ஆகும், நடுவில் இருப்பது மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். ஃப்ரிட்ஜும் இடைவெளி இல்லாமல் அடைந்துவிட்டால் குளிர்க்காற்று ஓடாது. வந்தவுடன் தட்டுகளில் பரப்பி, சூடு தணிந்ததும் அரைக் கிலோ அரைக் கிலோவாகத் தட்டையாகப் பொட்டலம் போட்டு, இரண்டு நாளில் சமைக்கப்போவதை மட்டும் கீழே வைத்து, மீதியை அன்றே ஃப்ரீஸரில் போடுங்கள். தட்டைப் பொட்டலம் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். இளகவைப்பதும் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்குள் இறக்கி வைத்துத்தான், மேடையில் வைத்து அல்ல. கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீஸர் இரண்டு நாள் தாங்கும்.

கே: கேழ்வரகு களிக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைக்க எத்தனை மணி நேரம் மசாலா ஊற வேண்டும்? மருமகள் யூடியூப் பார்த்துத் தயிர் போட்டு ஊறவைக்கச் சொல்கிறாள். - வாசகி, அரூர்

ப: ஊறவே வேண்டாம் அம்மா. நாட்டுக்கோழி ஓடித் திரிந்து வளர்ந்தது, அதன் சவ்வுக்கு வேண்டியது அடுப்பில் நேரம். மஞ்சளும் உப்பும் போட்டுச் சின்ன வெங்காயத்தோடு வதக்கி, அரைத்த மசாலாவை ஊற்றி, மண்சட்டியில் மூடி இளந்தீயில் வெடக்கோழி என்றால் முக்கால் மணி நேரம், முற்றிய சேவல் என்றால் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். தொடையில் கறி எலும்பைவிட்டுச் சற்று மேலே ஏறி நிற்கும், மேலே எண்ணெய் மிதக்கும், அப்போது களிக்கு உலை வைத்தால் இரண்டும் ஒன்றாக இறங்கும். மருமகள் கேட்ட தயிர் மசாலாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிராய்லர் கால் வாங்கிக்கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், அதற்கு அது நன்றாக இருக்கும்.